ராமென் ஜிரோவில் முதல் கிண்ணம்: வரிசை முதல் மேசை துடைப்பது வரை

ராமென் ஜிரோ, ஜப்பானில் பல கிளைகள் உள்ள ஒரு ராமென் (சூப்பில் நூடுல்ஸ்) கடை. அங்கே முதல்முறை போகிறவர்களுக்கெல்லாம் ஒரே பயம்தான். கிண்ணம் தயாரானதும் கடைக்காரர் ஜப்பானிய மொழியில் ஏதோ கேட்பார், மந்திரம் மாதிரி ஏதோ பதில் சொல்ல வேண்டும், உளறினால் மானம் போய்விடும் என்று. இணையத்தில் இருப்பவை அந்தப் பயத்தை ஊதிப் பெரிதாக்கி வைத்திருக்கின்றன. உண்மையில் அந்தப் பதிலைத் தப்பாகச் சொல்லி யாரும் கெட்டுப்போனதில்லை. மாட்டிக்கொள்வது அதற்குக் கால் மணி நேரம் முன்னால், நூடுல்ஸ் அளவைச் சொல்ல வேண்டிய இடத்தில். அங்கே வாயைத் திறக்காமல் விட்டவர்தான் பிறகு பாதிக் கிண்ணத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருப்பார்.

தலைமைக் கடை டோக்கியோவின் மிதா பகுதியில், கெயோ பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கிளைகள் சுமார் 40, பெரும்பாலும் டோக்கியோவிலும் அதைச் சுற்றியும். எல்லாவற்றுக்கும் அடையாளம் மஞ்சள் பலகை. கிளைக்குக் கிளை நடைமுறை கொஞ்சம் மாறும். மாறக்கூடிய இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

1. உங்களுக்கு ஆகுமா என்று முதலில் பாருங்கள்

சூப், பன்றி எலும்பையும் இறைச்சியையும் முதுகுக் கொழுப்பையும் மணிக்கணக்கில் கொதிக்கவைத்து எடுத்தது. மேலே வைப்பது ‘புத்தா’ என்கிற பன்றி இறைச்சிக் கட்டிகள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் ஹலால் பார்க்கிறவர்களுக்கும் இங்கே ஒன்றுமே இல்லை. ‘கறி வேண்டாம், காய் மட்டும் போடுங்கள்’ என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. சூப்பே பன்றிதான், காயின் மேல் விடுவதும் பன்றிக் கொழுப்புதான். நண்பருக்குத் துணையாகப் போய்ச் சும்மா உட்கார்ந்திருக்கலாம் என்பதும் நடக்காது. உட்காருகிற ஒவ்வொருவரும் ஒரு கிண்ணம் வாங்க வேண்டும்.

ரத்தக் கொதிப்பு, நெஞ்செரிச்சல், சர்க்கரை இருப்பவர்கள் யோசித்துப் போங்கள். ‘சிறியது’ வாங்கினாலே நூடுல்ஸிலிருந்து மட்டும் 800 கிலோகலோரிக்கு மேல் வரும். கறியும் கொழுப்பும் தனிக் கணக்கு. சூப்பில் உப்பு அதிகம். அஜினோமோட்டோ வகைப் பொடியை ஒளிவுமறைவில்லாமல் உங்கள் கண் முன்னாலேயே கரண்டியால் கிண்ணத்தில் போடுவார்கள். அது கூடாது என்று நினைப்பவர்கள் இந்த ஊரில் வேறு ராமென் பார்த்துக்கொள்வது நல்லது.

2. எந்தக் கிளை

முதல்முறையே மிதா தலைமைக் கடைக்குப் போக வேண்டும் என்பதில்லை. போக ஆசை என்றால், ஜே.ஆர். ரயிலின் தமாச்சி நிலையத்திலிருந்தோ சுரங்க ரயிலின் மிதா நிலையத்திலிருந்தோ நடக்கும் தூரம்தான். காலை 8:30 மணிக்கே திறந்துவிடுவார்கள், ஞாயிறு விடுமுறை. காலை நேரத்தில் கூட்டம் கொஞ்சம் அடங்கியிருக்கும். ஆனால் காலை ஒன்பது மணிக்கு இவ்வளவு கொழுப்பை உங்கள் வயிறு வரவேற்குமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஜிம்போச்சோ கிளைக்கு ருசியில் பெரிய பெயர், வரிசையும் அதே அளவு பெரிது. ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் நிற்கத் தயாராகப் போங்கள். ஷிஞ்சுகுவின் கபுகிச்சோ, இகெபுகுரோவின் கிழக்கு வாசல் பக்கம் இருக்கும் கிளைகள் நிலையத்துக்கு அருகில் இருப்பவை, பொதுவாக வரிசை குறைவு. ஜிரோ வெறியர்கள் இவற்றைக் கொஞ்சம் இளக்காரமாகப் பேசுவார்கள். நடைமுறையைப் பழகிக்கொள்ள இவை போதும் என்பதுதான் என் கருத்து. யோகோஹாமாவில் இருப்பவர்களுக்குக் கன்னாய் கிளை. அங்கே சூப் இல்லாமல் பிசைந்து சாப்பிடும் வகை பிரபலம். டோக்கியோவை விட்டு வெகுதூரத்தில் இருப்பவர்களுக்கும் சப்போரோ, செண்டாய், கியோட்டோ போன்ற ஊர்களில் கிளை உண்டு.

இதையெல்லாம் படித்ததும் படபடப்பாக இருந்தால் ஜிரோ பாணிக் கடை ஒன்றில் ஒத்திகை பார்க்கலாம். புத்தயாமா என்ற சங்கிலிக் கடைக்குக் கிளைகள் நிறைய. அங்கே சிறியதற்கும் கீழே ‘மினி’ என்று ஒரு அளவு இருக்கிறது, கேள்வியும் பதிலும் ஜிரோவில் போலவேதான்.

3. நேரமும் வயிறும்

முன்பதிவு கிடையாது. எவ்வளவு நேரம் ஆகும் என்பதை வரிசையைப் பார்த்தே கணக்குப் போட்டுவிடலாம். இங்கே நூடுல்ஸைத் தனித்தனிக் கிண்ணமாக வேகவைப்பதில்லை. ஐந்தாறு கிண்ணங்களுக்கானதை ஒரே ஈடாகப் பெரிய கொப்பரையில் போடுவார்கள். இதற்கு ‘ரொத்தோ’ என்று பெயர். ஒரு ஈடு முடிந்து அடுத்தது பரிமாற ஏறத்தாழ 10 நிமிடம். அப்படியானால் மணிக்கு 30 முதல் 35 பேர். உங்களுக்கு முன்னால் 20 பேர் என்றால் 40 நிமிடம், 30 பேர் என்றால் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடை சின்னதாக இருந்தால் இன்னும் கூடும்.

வார நாளில் மதியம் இரண்டு மணிக்கு மேல் போவது சுகம். சனிக்கிழமை மதியம் வேண்டவே வேண்டாம். கடை மூடும் நேரத்துக்கு அரை மணி முன்னால் போய்ச் சேரலாம் என்று திட்டமிடாதீர்கள். நூடுல்ஸோ சூப்போ தீர்ந்தால் அத்தோடு கடை முடிந்தது, வாசலில் எழுதியிருக்கும் நேரம் செல்லாது. திடீர் விடுமுறையும் அடிக்கடி வரும். ஜப்பானியத்தில் ‘ரின்ஜி கியூகியோ’ என்பார்கள். பல கிளைகளுக்கு எக்ஸ் தளத்தில் கணக்கு உண்டு. கிளம்புவதற்கு முன் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வயிறு: ஐந்தாறு மணி நேரம் முன்னால் லேசாக ஏதாவது சாப்பிட்டிருங்கள். நாள் முழுக்கப் பட்டினி கிடந்து போவது பலர் செய்யும் காரியம், பலன் தராது. காய்ந்த வயிற்றில் கொழுப்பு விழுந்ததும் கால் கிண்ணத்திலேயே திகட்டிவிடும். வரிசையில் நிற்கும்போது தண்ணீரோ குளிர்பானமோ குடித்து வயிற்றை நிரப்பிக்கொள்ளாதீர்கள்.

4. கையில் என்ன வேண்டும், எவ்வளவு ஆகும்

பணமாகக் கொண்டு போங்கள். கார்டு, போன் பணம் எல்லாம் எடுபடும் என்று நம்பிப் போகக்கூடாது. அதுவும் 1,000 யென் நோட்டுகளாக. பல மெஷின்கள் 5,000, 10,000 யென் நோட்டை விழுங்குவதில்லை. சில்லறை மாற்றித் தரச்சொல்லி அடுப்படியில் நிற்பவரைக் கூப்பிடுவது எல்லோரையும் நிறுத்திவைக்கும் வேலை. இன்னொரு சிக்கல், 2024 ஜூலையில் வந்த புது நோட்டுகள். பழைய மெஷின்கள் சில, கிதாசாதோ படம் போட்ட புது 1,000 யென் நோட்டைத் துப்பிவிடும். 2021-இல் வந்த புது 500 யென் நாணயத்துக்கும் இதே கதிதான். நொகுச்சி படம் போட்ட பழைய நோட்டு ஒன்றிரண்டையும் 100 யென் நாணயங்கள் பத்தையும் தனியாக எடுத்துவைத்துக்கொண்டால் எந்த மெஷினும் தொல்லை தராது.

செலவு கிளையைப் பொறுத்தது. சிறிய ராமென் பெரும்பாலும் 1,000 யென்னை ஒட்டி, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். நம் பணத்தில் ஏறக்குறைய 550 முதல் 600 ரூபாய். கூடுதல் கறிக்கும் முட்டைக்கும் தனிக் காசு. காய், பூண்டு, கொழுப்பு கூட்டுவதற்குக் காசில்லை. டிப்ஸ் வைக்கும் வழக்கம் ஜப்பானில் கிடையாது. ஆளுக்கு 1,500 யென் கையில் இருந்தால் தாராளம்.

வெள்ளைச் சட்டை போடாதீர்கள், சூப் தெறிக்கும். வழவழப்பான அடிப்பாகம் உள்ள செருப்பும் வேண்டாம், எண்ணெய் படிந்த தரை வழுக்கும். பெரிய பெட்டியோடு வந்தால் வைக்க இடமே இருக்காது, நிலையத்து லாக்கரில் போட்டுவிட்டு வாருங்கள். பை காலுக்கடியில் அல்லது மடியில். டிஷ்யூ காகிதம் எடுத்துப் போங்கள், எல்லாக் கிளையிலும் வைத்திருக்க மாட்டார்கள். பல கிளைகளின் வாசலில் தானியங்கி பானப் பெட்டி ஒன்று நிற்கும். வாடிக்கைக்காரர்கள் அதில் கறுப்பு ஊலாங் டீ வாங்கிக்கொண்டு உள்ளே போவதைப் பார்க்கலாம். கசப்பாக இருக்கும், கொழுப்புக்கு நடுவில் வாய்க்கு இதம்.

5. வரிசை

வரிசையின் கடைசி எங்கே என்று முதலில் கண்டுபிடியுங்கள். பக்கத்துக் கடை வாசல், குறுக்குச் சந்து வந்தால் வரிசை அங்கே அறுந்து எதிர்ப்பக்கமோ மூலை திரும்பியோ தொடரும். அறுந்த இடத்தில் போய் நின்றால் வரிசை தாண்டியதாக ஆகிவிடும்.

ஒருவர் நின்று இடம் பிடித்து மற்றவர்கள் பிறகு வந்து சேர்வது இங்கே கண்டிப்பாகக் கூடாது. நண்பர்கள் எல்லோரும் சேர்ந்த பிறகே வரிசையில் நில்லுங்கள். நால்வராகப் போனாலும் நான்கு தனி ஆட்கள்தான். பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைக்கும் வரை காத்திருக்கிறோம் என்று சொன்னால் ரொத்தோ கணக்கு குழம்பும். எந்த இடம் காலியாகிறதோ அங்கே உட்கார வேண்டும். இருப்பதே கவுண்டர் இருக்கைகள்தான், கைக்குழந்தையோடும் தள்ளுவண்டியோடும் வருவதற்கு ஏற்ற இடமில்லை.

நீங்கள் நிற்கும்போது கடைக்காரர் வெளியே வந்து உங்களிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனால் கவனியுங்கள். ‘இன்றைக்கு நீங்கள்தான் கடைசி ஆள், பின்னால் வருபவர்களிடம் சொல்லிவிடுங்கள்’ என்பதாக இருக்கக்கூடும். அப்படியென்றால் வருகிறவர்களைத் திருப்பியனுப்புவது உங்கள் வேலை. ‘ஒவாரி தெஸ்’ என்றால் போதும்; முடிந்துவிட்டது என்று புரிந்துகொண்டு போய்விடுவார்கள்.

6. டோக்கன் மெஷின்

வாசலில் அல்லது உள்ளே நுழைந்ததும் டோக்கன் மெஷின் இருக்கும். முதலில் வரிசையா, முதலில் டோக்கனா என்பது கிளைக்குக் கிளை மாறும். பெரும்பாலும் வரிசைதான் முதலில், வாசலை நெருங்கியதும் டோக்கன். முன்னால் இருப்பவர் என்ன செய்கிறார் என்று பார்த்து அதையே செய்யுங்கள்.

பொத்தான்களில் பெரும்பாலும் ஜப்பானிய எழுத்துதான். இரண்டு எழுத்தை அடையாளம் தெரிந்தால் போதும். நடுவில் நெட்டுக்கோடு, அதன் இருபக்கமும் ஒட்டாமல் ஒவ்வொரு சின்னக் கோடு, ஆக மூன்று கோடு: இது ‘ஷோ’, சிறியது. ஒரு படுக்கைக் கோடு, அதன் நடுவைத் தாண்டி மேலிருந்து இறங்கி இரண்டு காலாகப் பிரியும் கோடுகள்: இது ‘தாய்’, பெரியது. நீங்கள் அழுத்த வேண்டியது ஷோ. சிறியதிலேயே விலை மட்டும் கூடுதலாக இன்னொரு பொத்தான் இருந்தால் அது ‘புத்தா இரி’, கறித் துண்டுகள் அதிகம் வரும். முதல் தடவை வேண்டாம், சாதாரணத்திலேயே கனமான துண்டு ஒன்றிரண்டு இருக்கும். பச்சை முட்டை (‘நாமா தமாகோ’) மட்டும் வாங்கலாம், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பணம் போட்டு, பொத்தானை அழுத்தி, மிச்சச் சில்லறையை எடுத்துக்கொள்ளுங்கள். விழுவது காகிதச் சீட்டாகவோ பிளாஸ்டிக் வில்லையாகவோ இருக்கும். வில்லையின் நிறம்தான் சமையல்காரருக்கு அளவைச் சொல்லும். அதைச் சட்டைப்பைக்குள் போடாமல் கையிலேயே வைத்திருங்கள்.

7. அளவைச் சொல்லும் நேரம்

மற்றதை எல்லாம் மேலோட்டமாகப் படித்தாலும் இதை நிதானமாகப் படியுங்கள்.

சாதாரண ராமென் கடையில் ஒரு ஆளுக்கு வேகாத நூடுல்ஸ் 130, 150 கிராம் போடுவார்கள். ஜிரோவில் ‘சிறியது’ என்பதே ஏறத்தாழ 300 கிராம். நம்மூர் மேகி பாக்கெட் 70 கிராம் என்றால், நான்கு பாக்கெட்டுக்கு மேல் ஒரே கிண்ணத்தில். வெந்தபின் அது அரைக் கிலோ அளவுக்குப் போகும். அதன்மேல் காய்க் குவியல், கறி. பெரியதில் நூடுல்ஸ் 400 கிராமிலிருந்து 500 கிராம் வரைகூடப் போகும். முதல்முறை வருகிறவர்கள் பெரியது வாங்க வேண்டாம் என்று எழுதியே ஒட்டியிருக்கும் கிளைகளும் உண்டு.

நூடுல்ஸின் தன்மையையும் கணக்கில் எடுங்கள். ரொட்டிக்குப் பயன்படும் வலுவான கோதுமை மாவில், தண்ணீர் குறைவாகச் சேர்த்துப் பிசைந்து, தடிமனாக வெட்டியது. மென்றுதான் விழுங்க வேண்டும், உறிஞ்சி இறக்க முடியாது. தண்ணீர் குறைவான நூடுல்ஸ் என்பதால் கிண்ணத்தில் கிடக்கக் கிடக்கச் சூப்பை இழுத்துக்கொண்டு உப்பிக்கொண்டே போகும். மெதுவாகச் சாப்பிடுகிறவருக்குக் கிண்ணம் குறைவதே தெரியாது.

ஆகவே குறைக்கச் சொல்லுங்கள். இரண்டு சொற்றொடர் போதும்:

‘மென் சுகுனமே தெ’: நூடுல்ஸ் குறைவாக. எவ்வளவு குறையும் என்பது கிளையின் பழக்கம். மூன்றில் ஒரு பங்கு குறைப்பார்கள் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.

‘மென் ஹம்புன் தெ’: பாதி. 150 கிராம், அதாவது மற்ற கடைகளில் ஒரு முழு ராமென்.

குறைத்தால் விலை குறையாது. அதற்காக வருத்தப்பட்டு முழு அளவையும் வாங்குவதுதான் நம் ஆட்கள் அதிகம் செய்யும் தப்பு. காசு கொடுத்ததைச் சாப்பிட்டே தீருவேன் என்று மல்லுக்கட்ட வேண்டிய இடம் இதுவல்ல. நன்றாகச் சாப்பிடுகிற ஆண்களும் முதல் தடவை ‘சுகுனமே’ சொல்லுங்கள். ஒரு வேளைக்கு மூன்று இட்லியோடு எழுந்துவிடுகிறவர்கள் ‘ஹம்புன்’ சொல்லுங்கள்.

எப்போது சொல்வது? இதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். கடைசியில் கேட்கும் கேள்விக்குப் பதிலாக ‘சுகுனமே’ சொன்னால் பயனில்லை; அப்போது உங்கள் நூடுல்ஸ் வெந்து கிண்ணத்துக்குள்ளேயே விழுந்திருக்கும். கொப்பரையில் எவ்வளவு போடுவது என்று சமையல்காரர் முன்கூட்டியே எண்ணிக்கொள்வதால், பல கிளைகளில் நீங்கள் வரிசையில் நிற்கும்போதே ‘ஷொக்கென் மிசெத்தெ குதசாய்’ என்று டோக்கனைக் காட்டச் சொல்வார்கள், அல்லது சைகை காட்டுவார்கள். டோக்கனைக் காட்டும் அந்த நொடியில் சொல்லிவிட வேண்டும். வரிசையில் யாரும் கேட்கவில்லை என்றால், உட்கார்ந்து டோக்கனைக் கவுண்டரின் மேல்தட்டில் வைக்கும்போது சொல்லுங்கள். சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று முகத்தைப் பாருங்கள். ‘ஹாய்’ (ஜப்பானியத்தில் ‘சரி’) என்றோ தலையாட்டியோ ஏற்றுக்கொள்வார். சில கிளைகளில் குறைந்த அளவுக்குத் தனிப் பொத்தானோ, அடையாளத்துக்கு ஒரு கிளிப்போ வைத்திருப்பார்கள்.

இதே நேரத்தில் பூண்டு, காய் என்று ஆரம்பிக்காதீர்கள். அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. இப்போது சொன்னால் ‘பிறகு கேட்கிறேன்’ என்று சொல்லிவிடுவார்.

8. உட்கார்ந்ததும்

டோக்கன் மேல்தட்டில். தண்ணீர் நீங்களே பிடித்துக்கொள்ள வேண்டும். உட்காருவதற்கு முன்னாலேயே பிடித்துவிட்டால் நெருக்கடியில் எழுந்து போக வேண்டியதில்லை. குச்சி கவுண்டரில் இருக்கும். சூப் குடிக்கும் கரண்டி சில கிளைகளில் கிடையாது, தேடாதீர்கள். மிளகுத்தூள், மிளகாய்த்தூள், சோயாச் சாறு புட்டி இருக்கும்.

காத்திருக்கும் பத்து நிமிடத்தில் போனில் பேசாதீர்கள், நண்பரோடு சத்தமாகக் கதை அடிக்காதீர்கள். கிண்ணம் வந்ததும் ஒரு படம் எடுப்பதை யாரும் தடுக்கமாட்டார்கள். சமையல்காரரையும் பக்கத்தில் இருப்பவர்களையும் சேர்த்து வீடியோ எடுப்பது வேறு விஷயம், அது வேண்டாம். காதில் ஒலிப்பான் மாட்டியிருந்தால் கழற்றுங்கள். அடுத்த கேள்வி உங்களுக்குக் கேட்க வேண்டும்.

9. ‘நின்னிகு இரெமஸ் கா?’

நூடுல்ஸ் கிண்ணத்தில் விழுந்து கறி வைத்ததும் சமையல்காரர் உங்கள் பக்கம் பார்த்துக் கேட்பது இதுதான்: பூண்டு போடவா? சுருக்கமாக ‘நின்னிகு வா?’ என்றும் கேட்கலாம், ‘ஷோ ராமென் வாங்கியவர்’ என்று கூப்பிட்டும் கேட்கலாம். கேள்வி பூண்டைப் பற்றி மட்டும்தான் போலத் தெரியும். ஆனால் இலவசமாகக் கூட்டக் குறைக்கக்கூடிய நான்கையும் இந்த ஒரே பதிலில் சொல்லிவிட வேண்டும்.

நின்னிகு: நறுக்கிய பச்சைப் பூண்டு. நீங்கள் சொன்னால்தான் வரும்.
யசாய்: வேகவைத்த பயறு முளையும் முட்டைகோஸும். சொல்லாவிட்டாலும் சாதாரண அளவு வரும்.
அபுரா: பன்றி முதுகுக் கொழுப்பு. சொன்னால் கூடுதலாக ஒரு கரண்டி.
கரமே: சோயாச் சாறு தூக்கலாக.

பெயரைச் சொன்னால் அது சேரும் அல்லது கூடும். கூடவே ‘மஷி’ என்றால் அதிகம், ‘மஷிமஷி’ என்றால் மிக அதிகம், ‘சுகுனமே’ குறைவு, ‘நஷி’ வேண்டாம். எந்த வரிசையில் சொன்னாலும் சரி.

வெறும் ‘ஹாய்’ என்றால் பூண்டு மட்டும் சேர்த்துத் தருவார்கள். எதுவுமே வேண்டாம் என்றால் ‘சோனோமாமா’, அப்படியே கொடுங்கள் என்று பொருள். பூண்டு இல்லாமல் மற்றவை சாதாரண அளவில் வரும். கேள்வி புரியாமல் விழித்தாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது, அவர் இன்னொரு முறை கேட்பார்.

முதல் தடவைக்கு என் பரிந்துரை: ‘நின்னிகு, அபுரா’. பூண்டு காரமாகக் கொழுப்பை வெட்டும். ‘அபுரா’ என்று சொல்வது பயமாக இருந்தாலும், அந்தக் கொழுப்பு சோயாவில் ஊறிக் காயின் மேல் வழிவதால்தான் வெறும் வேகவைத்த முளைக்கு ருசியே வருகிறது. கொழுப்பைக் கண்டாலே ஆகாதவர்கள் ‘நின்னிகு’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

‘யசாய் மஷிமஷி’ முதல் நாள் வேண்டாம். படம் எடுக்க அழகாக இருக்கும், கோபுரம் மாதிரி நிற்கும். ஆனால் அந்தக் குவியலைத் தின்று முடித்து நூடுல்ஸை எட்டுவதற்குள் அது சூப்பில் ஊறிப் பருத்திருக்கும். காயிலிருந்து இறங்கும் தண்ணீர் சூப்பையும் சப்பென்று ஆக்கிவிடும். காயை ‘மஷி’ சொல்கிற பழக்கக்காரர்கள் கூடவே ‘கரமே’ சொல்வது அதனால்தான்.

மறுநாள் காலையில் அலுவலகக் கூட்டமோ நேர்காணலோ இருந்தால் பூண்டை விடுங்கள். பச்சைப் பூண்டு, அதுவும் ஒரு கரண்டி. பல் தேய்த்தாலும் போகாது.

10. சாப்பிடும் முறை

கிண்ணத்தை மேல்தட்டிலிருந்து நீங்களேதான் இறக்கிக்கொள்ள வேண்டும். விளிம்பு வரை சூப் நிற்கும், கிண்ணமும் சுடும். இரண்டு கையாலும் விளிம்பை ஒட்டிப் பிடித்து, சாய்க்காமல் மெதுவாக இறக்குங்கள்.

முதலில் கறித் துண்டை ஓரமாகத் தள்ளிச் சூப்புக்குள் அமுக்கிவிடுங்கள், ஊறி மிருதுவாகும். பிறகு காயின் உச்சியிலிருந்து நான்கைந்து வாய் எடுத்து, கொழுப்பும் பூண்டும் பட்ட இடமாகப் பார்த்துச் சாப்பிட்டுக் குவியலைத் தாழ்த்துங்கள். ஓரத்தில் கொஞ்சம் இடம் கிடைத்ததும் குச்சியை அடிவரை செருகி, நூடுல்ஸை ஒரு பிடி தூக்கிக் காயின் மேல் போடுங்கள். இரண்டு மூன்று தடவை செய்தால் காய் சூப்புக்குள் போய்விடும், நூடுல்ஸ் மேலே வந்துவிடும். இப்படி மேலது கீழாகப் புரட்டுவதற்கு ‘தெஞ்சி காயெஷி’ என்று பெயர். நூடுல்ஸ் மேலும் ஊறுவது நிற்கும், கொஞ்சம் ஆறும், காய்க்கும் சுவை ஏறும். ‘யசாய் மஷி’ வாங்கியவர்கள் இதை அவசரமாகச் செய்தால் பாதிக் குவியல் மேசையில் இருக்கும்.

இதற்குப் பிறகு நூடுல்ஸ்தான். வயிறு நிரம்பிய சேதி மூளைக்குப் போய்ச் சேர்வதற்குள் கணிசமான பகுதியை முடித்துவிட வேண்டும். வேகமாக விழுங்குங்கள் என்று சொல்லவில்லை. நடுவில் நிறுத்தாதீர்கள் என்கிறேன். போனைப் பார்த்து இரண்டு நிமிடம் விட்டால் திரும்பவும் குச்சியை எடுக்க மனசு வராது. தண்ணீரை வாய் நனைக்கிற அளவுக்குக் குடியுங்கள்.

பாதியில் திகட்டும். அப்போதுதான் பச்சை முட்டை. அதைத் தனிக் கிண்ணத்தில் அடித்து வைத்துக்கொண்டு நூடுல்ஸை அதில் தோய்த்துச் சாப்பிட்டால் சூடும் உப்பும் தணியும். முட்டை வாங்காதவர்கள் மிளகுத்தூளோ மிளகாய்த்தூளோ தூவிக்கொள்ளலாம். நம் நாக்குக்கு அந்த மிளகாய்த்தூள் உறைக்காது, தாராளமாகப் போடலாம்.

சூப்பை முழுக்கக் குடிக்க வேண்டியதில்லை. யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை, அவ்வளவு உப்பு உடம்புக்கு ஆகாது.

எவ்வளவு நேரம்? 15 முதல் 20 நிமிடம் போதுமானது. அடுத்த ஈடு நூடுல்ஸ் உங்கள் இருக்கை காலியாகும் என்ற கணக்கில்தான் கொப்பரையில் விழுந்திருக்கும். மெதுவாகச் சாப்பிட்டால் ‘கில்ட்டி’ என்று பக்கத்து ஆட்கள் தீர்ப்பு சொல்வார்கள் என்பதெல்லாம் இணைய வேடிக்கை, யாரும் கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருக்கவில்லை. அரை மணியைத் தாண்டி மிச்சத்தைக் கிளறிக்கொண்டிருப்பதுதான் தொந்தரவு. முடியவில்லை என்றால் நிறுத்திவிட்டு, ‘சுமிமாசென்’ (மன்னிக்கவும்) என்று ஒரு வார்த்தை சொல்லிக் கிளம்புங்கள். வாந்தி வரும்வரை தின்பதில் மரியாதை ஒன்றும் இல்லை. மிச்சத்தைப் பார்சல் கட்டித் தரமாட்டார்கள், கேட்க வேண்டாம். சில கிளைகளில் வீட்டிலிருந்து கொண்டுவரும் பாத்திரத்தில் முழு ராமென்னை வாங்கிப் போகலாம், ‘நபெ ஜிரோ’ என்பார்கள். அது தனி ஏற்பாடு, முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

11. எழுந்து கிளம்புவது

கிண்ணத்தையும் தண்ணீர்க் குவளையையும் மேல்தட்டில் ஏற்றி வையுங்கள். கவுண்டரில் இருக்கும் துணியால் உங்கள் முன்னால் சிந்தியதைத் துடையுங்கள். ‘கொச்சிசோசமா’ (சாப்பாட்டுக்கு நன்றி) என்று சமையல்காரருக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பணம் முன்னாலேயே கட்டியாகிவிட்டதால் வேறு கணக்கு இல்லை. வாசலில் நின்று நண்பர்களுக்காகக் காத்திருக்காமல் கொஞ்சம் தள்ளிப் போய் நில்லுங்கள், வரிசையில் இருப்பவர்களுக்கு வழி வேண்டும்.

உடனே ஓடி ரயில் பிடிக்காமல் பத்து நிமிடம் நடப்பது வயிற்றுக்கும் நல்லது, ரயிலில் பக்கத்தில் உட்காரப் போகிறவருக்கும் நல்லது. நடக்கும்போதே அடுத்த முறைக்கான கணக்கைப் போட்டுவைத்துக்கொள்ளுங்கள். நூடுல்ஸ் மிஞ்சியதா? இன்னும் ஒரு படி குறையுங்கள். நூடுல்ஸ் முடிந்து காய் மட்டும் மிஞ்சியதென்றால் ‘யசாய் சுகுனமே’. சூப் சப்பென்று இருந்திருந்தால் ‘கரமே’ சேருங்கள். எல்லாமே முடிந்து இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாமே என்று தோன்றினால், அடுத்த முறை சிறியதைக் குறைக்காமல் வாங்குங்கள். பெரியதற்கு அப்போதும் தாவ வேண்டாம்.